தொழுநோய் மாத்திரை சாப்பிடும்போது தேமல் சிவந்து தடித்தால் மருந்தை நிறுத்தலாமா?

கேள்வி: என் மகனுக்கு 24 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அயர்ன் பிரிவில் வேலை பார்க்கிறான். முதுகிலும் கைகளிலும் எட்டுப் பத்துத் தேமல்கள் இருந்தன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதித்துத் தொழுநோய் என்று சொல்லி, ஓராண்டுக்கு மாத்திரை கொடுத்து வருகிறார்கள். மூன்றாவது மாத அட்டையைச் சாப்பிடும்போது தேமல்கள் எல்லாம் சிவந்து தடித்துவிட்டன. இடது முழங்கையில் வலி இருக்கிறது. சுண்டுவிரலை நேராக நீட்ட முடியவில்லை. மாத்திரையின் சூடுதான் காரணம், உடனே நிறுத்திவிடுங்கள் என்கிறார் உறவினர் ஒருவர். நிறுத்தலாமா? திருமணத்துக்குப் பார்த்துக்கொண்டிருக்கும் மகள் ஒருத்தியும் வீட்டில் இருக்கிறாள். அவளுக்கும் தொற்றிவிடுமா? மகனுக்குத் தட்டு, டம்ளரைத் தனியாக வைத்திருக்கிறேன். இவ்வளவு மருத்துவ ஆராய்ச்சி நடக்கும் காலத்தில் இந்த நோய்க்கு ஒரு தடுப்பூசிகூடக் கண்டுபிடிக்கவில்லையா?
— ஒரு தாய், ஈரோடு மாவட்டம்

அன்புள்ள அம்மா,

மாத்திரையை நிறுத்தக் கூடாது. அதே நேரத்தில், மகனை ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் மாத்திரை கொடுத்த அதே சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்கோ அழைத்துச் செல்ல வேண்டும். அச்சில் வரும்வரை காத்திருக்கக்கூடிய பதில் அல்ல என்பதால், உங்கள் கடிதம் கிடைத்தவுடனே நீங்கள் கொடுத்திருந்த எண்ணில் அழைத்து இவ்விரண்டையும் சொல்லிவிட்டேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று காரணங்களை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

நேரில் பார்க்காமல் எந்த மருத்துவரும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றாலும், நீங்கள் விவரித்திருக்கும் மாற்றங்களைத் தொழுநோய் எதிர்வினை என்று அழைக்கிறோம். இது நோய் முற்றியதன் அறிகுறியோ மருந்து தோற்றுப்போனதன் அறிகுறியோ அல்ல. தொழுநோய்க் கிருமி தோலிலும், தோலை ஒட்டி ஓடும் நரம்புகளிலும் பல ஆண்டுகள் ஓசையில்லாமல் தங்கியிருக்கிறது. அந்தக் காலம் முழுவதும் உடலின் எதிர்ப்புச் சக்தி அதைச் சரியாகக் கண்டுகொள்வதில்லை. பின்னர் ஏதோ ஒரு கட்டத்தில், பெரும்பாலும் சிகிச்சை தொடங்கிய முதல் ஆறு மாதங்களுக்குள், எதிர்ப்பு அணுக்கள் விழித்துக்கொண்டு கிருமி இருக்கும் இடங்களையும், இறந்த கிருமியின் எச்சங்கள் கிடக்கும் இடங்களையும் தாக்கத் தொடங்குகின்றன. தோலில் இது நடந்தால் பழைய தேமல் சிவந்து தடித்துச் சூடாகத் தெரியும். அதனால் பெரிய கெடுதல் இல்லை. நரம்புக்குள் நடந்தால் கதை வேறு. நரம்பைச் சுற்றியுள்ள உறை எளிதில் விரிந்துகொடுக்காது. உள்ளே வீக்கம் கூடக் கூட நரம்பிழைகள் நசுங்குகின்றன, அவற்றுக்குச் செல்லும் இரத்தமும் குறைகிறது. முழங்கையின் உட்புறத்தில், எதிர்பாராமல் இடித்துக்கொண்டால் கரண்ட் அடித்தது போல் சுரீரென்று இருக்கும் அந்த இடத்தில் ஓடும் அல்நார் நரம்புதான் சுண்டுவிரலையும் மோதிர விரலையும் நேராக நீட்ட உதவும் உள்ளங்கைத் தசைகளை இயக்குகிறது. உங்கள் மகனின் முழங்கை வலியும் சுண்டுவிரல் மடங்குவதும் ஒரே நரம்பைச் சுட்டுகின்றன. என்னைக் கவலைப்பட வைத்தது தேமலின் சிவப்பு அல்ல, அந்தச் சுண்டுவிரல்தான்.

இதற்கான மருந்து பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரை. உடல் எடைக்கு ஏற்ப, பெரியவர்களுக்குப் பொதுவாக நாளொன்றுக்கு 40 முதல் 60 மில்லிகிராம் வரை தொடங்கி, சிறிது சிறிதாகக் குறைத்து, ஏறத்தாழ 20 வாரங்கள் கொடுக்கிறோம். இன்னும் நீண்ட காலம் கொடுத்தால் கூடுதல் பலன் கிடைக்குமா என்று, 20 வாரங்களையும் 32 வாரங்களையும் ஒப்பிட்டு வங்கதேசம், இந்தியா உள்ளிட்ட நாடுகளில் ஓர் ஆய்வு நடந்தது. நீட்டித்ததால் குறிப்பிடத்தக்க நன்மை தெரியவில்லை. ஆகவே எத்தனை வாரம் சாப்பிடுகிறோம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோம் என்பதே முக்கியம். நரம்பு பலவீனமடைந்து ஆறு மாதங்களுக்குள் இந்தச் சிகிச்சையைத் தொடங்கினால் மீண்டுவர நல்ல வாய்ப்பு உண்டு. அதைத் தாண்டிவிட்டால் நரம்பிழைகள் இருந்த இடத்தில் தழும்பு விழுந்துவிடும். தழும்பை எந்த மாத்திரையாலும் கரைக்க முடியாது. ஸ்டீராய்டு தொடங்குமுன் சர்க்கரை, இரத்த அழுத்தம், காசநோய் ஆகியவற்றுக்கான பரிசோதனைகளைச் செய்வார்கள். வயிற்றில் புழு இருந்தால் அதற்கும் மருந்து கொடுப்பார்கள். தொடங்கிய பிறகு மருத்துவர் சொல்லாமல் ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்து. வலி ஓய்ந்துவிட்டது என்று நடுவில் விட்டுவிடுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இதே நோயில் இன்னொரு வகை எதிர்வினையும் உண்டு. அதில் பழைய தேமல்கள் அப்படியே இருக்கும். காய்ச்சலோடு, தொட்டால் வலிக்கும் சிவந்த முடிச்சுகள் புதிதாகக் கிளம்பும். சிலருக்குக் கண்ணிலும் விரையிலும் வலி வரும். அப்படி ஏதாவது தெரிந்தாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

உங்கள் உறவினர் அக்கறையோடுதான் சொல்லியிருப்பார். மாத்திரை தொடங்கிய பின்பே சிவந்தது என்று அவர் கவனித்ததும் சரிதான். ஆனால் அதிலிருந்து அவர் எடுத்த முடிவு உங்கள் மகனின் கையைப் பறித்துவிடக்கூடியது. மாத்திரையை நிறுத்தினாலும் எதிர்வினை நிற்காது, ஏனென்றால் கிருமியின் எச்சங்கள் உடலிலேயே கிடக்கின்றன. உயிரோடு மிஞ்சியிருக்கும் கிருமிகள் பெருகுவதற்கு வழி திறந்துவிடுவதுதான் மிச்சம். அரைகுறைச் சிகிச்சை என்ன செய்யும் என்பதை இந்த நோயின் வரலாறே காட்டியிருக்கிறது. 1941இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் உள்ள கார்வில் மருத்துவமனையில் சல்போன் வகை மருந்து முதன்முதலாகத் தொழுநோய்க்குப் பயன்பட்டது. அதைத் தொடர்ந்து வந்த டாப்சோன் ஒன்றையே உலகம் முழுவதும் பல ஆண்டுகள் தனி மருந்தாகக் கொடுத்து வந்தார்கள். 1960களில் டாப்சோனுக்கு அடங்காத கிருமிகள் இருப்பது ஆய்வகத்தில் உறுதியாயிற்று. அடுத்த பத்தாண்டுகளில் அவை பல நாடுகளில் தெரிந்தன. அதன் பிறகே, 1981இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக்குழு, ஒரே நேரத்தில் பல மருந்துகளால் தாக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. உங்கள் மகன் சாப்பிடும் அட்டை அதுதான்.

அந்த அட்டையில் மாதத்தின் முதல் நாள் சுகாதாரப் பணியாளர் முன்னிலையில் விழுங்க வேண்டிய ரிஃபாம்பிசினும் கூடுதல் அளவு குளோஃபாசிமினும் டாப்சோனும், மற்ற நாள்களில் வீட்டில் சாப்பிட வேண்டிய டாப்சோனும் சிறிய அளவு குளோஃபாசிமினும் இருக்கும். 28 நாள்களுக்கு ஓர் அட்டை. தேமல்கள் ஐந்துக்கு மேல் இருப்பவர்களுக்கு மொத்தம் 12 அட்டைகள். ஏதோ காரணத்தால் இடையில் தவறினால் 18 மாதங்களுக்குள் அந்தப் பன்னிரண்டையும் முடித்துவிட வேண்டும். ரிஃபாம்பிசின் சாப்பிட்ட நாளில் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், பயப்பட ஒன்றுமில்லை. குளோஃபாசிமினால் தோல் கறுத்து வறண்டுபோகும். இதைப் பார்த்து மனம் உடைந்து மருந்தை விடுகிறவர்கள் உண்டு, குறிப்பாக இளைஞர்கள். சிகிச்சை முடிந்த சில மாதங்களில் அந்தக் கறுப்பு மெல்ல மங்கிவிடும் என்பதை மகனிடம் இப்போதே சொல்லிவையுங்கள். தேங்காய் எண்ணெய் தடவினால் வறட்சி குறையும். மருந்தை உடனே நிறுத்தி மருத்துவரிடம் ஓட வேண்டிய நிலை ஒன்று உண்டு: காய்ச்சலோடு உடல் முழுவதும் தடிப்பு, கண் மஞ்சளாவது, முகம் வீங்குவது. சிலருக்கு டாப்சோன் ஒத்துக்கொள்ளாமல் பெரும்பாலும் முதல் ஆறேழு வாரங்களுக்குள் இப்படி ஆகும். ஒரு குறிப்பிட்ட மரபணு வடிவம் உள்ளவர்களுக்கே இந்த ஆபத்து மிக அதிகம் என்று 2013இல் சீன ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். உங்கள் மகன் மூன்றாவது அட்டையில் இருக்கிறார், தேமல் இருந்த இடங்களே சிவந்திருக்கின்றன, நரம்பு வலியும் இருக்கிறது என்பதால் அவருக்கு வந்திருப்பது இந்த டாப்சோன் ஒவ்வாமையாக இருக்க வாய்ப்புக் குறைவு. இருந்தாலும் நேரில் பார்க்கும் மருத்துவர் இதையும் மனத்தில் வைத்தே பரிசோதிப்பார்.

அயர்ன் பிரிவில் வேலை என்று எழுதியிருப்பதால் அடுத்து அவருடைய கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி உதிர்கின்றன என்று மக்கள் மட்டுமல்ல, மருத்துவர்களும் நீண்ட காலம் நம்பினார்கள். 1940களின் பிற்பகுதியில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்ட், நோயாளிகளின் அன்றாட வேலைகளைக் கூர்ந்து கவனித்து, விரல்கள் குறைவதற்குக் காரணம் வலி தெரியாமல் ஏற்படும் காயங்களும் தீப்புண்களும் அவற்றில் சேரும் சீழும்தான் என்று எடுத்துக்காட்டினார். மடங்கிப்போன விரல்களை, வேறு தசைநாணை இடம் மாற்றிப் பொருத்தி நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சையைத் தொழுநோயாளிகளுக்குச் செய்து காட்டியவரும் அவரே. வேலூரை அடுத்த கரிகிரியில் அந்தப் பணி பின்னர் வளர்ந்தது. ஸ்டீராய்டுச் சிகிச்சை முடிந்த பிறகும் உங்கள் மகனின் விரல் நிமிரவில்லை என்றால், நோய் அடங்கி நரம்பு நிலைப்பட்ட பின் இந்த அறுவைச் சிகிச்சையைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அதுவரை பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுக்கும் விரல் பயிற்சியைக் காலையும் மாலையும் செய்யட்டும்; இல்லையென்றால் மூட்டு இறுகிவிடும்.

அவர் வேலையை விட வேண்டியதில்லை. நரம்பு வலி தீரும்வரை அந்தக் கைக்கு ஓய்வு வேண்டும். முழங்கையை மேசையில் ஊன்றி நிற்கக் கூடாது. சூடான இஸ்திரிப் பெட்டியையும் நீராவிக் குழாயையும் இடது கை தொடும் வேலையை இப்போதைக்கு வேறொருவரிடம் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகும் கையுறையில்லாமல் வேலை செய்யக் கூடாது. உணர்ச்சி குறைந்த கை சுட்டுக்கொண்டதைத் தானாகச் சொல்லாது. ஆகவே இரவு படுக்குமுன் இரு கைகளையும் உள்ளங்கால்களையும் வெளிச்சத்தில் கண்ணால் பார்த்து, கொப்புளமோ வெட்டோ இருக்கிறதா என்று சோதிக்கும் பழக்கம் வேண்டும். பின்னர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து எண்ணெய் தடவ வேண்டும். தண்ணீரின் சூட்டை நீங்களோ மகளோ தொட்டுப் பார்த்துக் கொடுங்கள்.

இனி தட்டும் டம்ளரும். அவற்றை இன்றே எல்லாவற்றோடும் சேர்த்துக் கழுவி வையுங்கள், அம்மா. தொழுநோய் சாப்பாட்டுத் தட்டின் வழியாகவோ துணியின் வழியாகவோ கைகுலுக்குவதாலோ பரவுவதில்லை. சிகிச்சை பெறாத நோயாளி ஒருவரோடு நீண்ட காலம் நெருங்கி வாழும்போது, அவருடைய மூக்கிலிருந்து தும்மல், இருமல் வழியே வெளிவரும் நுண்துளிகளால் பரவுகிறது என்பதே இன்றுள்ள அறிவியல் கருத்து. அப்படிக் கிருமி உள்ளே போனாலும் 100 பேரில் 95 பேருக்கு மேல் நோய் வராது. பிறவியிலேயே அவர்களுக்கு அதை வெல்லும் எதிர்ப்புச் சக்தி இருக்கிறது. உங்கள் மகன் முதல் மாதம் விழுங்கிய ரிஃபாம்பிசின் ஒரு வேளையே உடலில் உயிரோடிருந்த கிருமிகளில் மிகப் பெரும்பாலானவற்றைக் கொன்றிருக்கும். இன்று அவரால் யாருக்கும் பரவாது. தன் வீட்டிலேயே தனித்தட்டில் சாப்பிடும் பிள்ளை மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிடுவதும் கடினம். சமூகத்துக்குப் பயந்து மருந்தை மறைப்பவர்களும் நிறுத்துபவர்களும்தான் பிற்காலத்தில் ஊனத்தோடு வருகிறார்கள் என்பதை என் தொழிலில் தொடர்ந்து பார்த்துவருகிறேன்.

மகளைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. அதற்குச் செய்ய வேண்டிய வேலை வேறு. அவர் சிகிச்சைக்கு முந்தைய ஆண்டுகளில் அண்ணனோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறார். இந்த நோய் உள்ளே புகுந்து வெளியில் தெரிவதற்குச் சராசரியாக 5 ஆண்டுகள் ஆகும்; சிலருக்கு 20 ஆண்டுகள்கூட ஆகலாம். ஆகவே நீங்கள், உங்கள் கணவர், மகள் என வீட்டில் உள்ள எல்லோரும் சுகாதார நிலையத்தில் உடல் முழுவதையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். பெண் மருத்துவரோ செவிலியரோ பார்க்கும்படி கேட்டு, முதுகையும் தொடையையும் சேர்த்துக் காட்டுங்கள். நோய் இல்லையென்று தெரிந்தால், காசநோய் அறிகுறி, கர்ப்பம், கல்லீரல் கோளாறு போன்ற தடைகள் இல்லாதவர்களுக்கு ரிஃபாம்பிசின் ஒரே ஒரு வேளை கொடுப்பார்கள். வங்கதேசத்தின் வடமேற்குப் பகுதியில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து 2008இல் வெளியான ஆய்வில், இந்த ஒரு வேளை மருந்து முதல் இரண்டு ஆண்டுகளில் புதிதாக நோய் வருவதை 57 விழுக்காடு குறைத்தது. அதே ஆய்வில், அண்டை வீட்டாருக்குக் கிடைத்த அளவு பாதுகாப்பு ஒரே வீட்டில் வாழும் நெருங்கிய உறவினர்களுக்குக் கிடைக்கவில்லை என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை. எனவே மருந்தைச் சாப்பிட்டுவிட்டோம் என்று இருந்துவிடாமல், ஆண்டுக்கு ஒரு முறை மகள் பரிசோதனைக்குப் போவது நல்லது. இதில் அவருடைய திருமணத்துக்குத் தடையாக எதுவும் இல்லை. மகனுக்கும் சிகிச்சை முடிந்தபின் திருமணம் செய்துவைக்கலாம். இந்த நோய் தந்தையிடமிருந்து பிள்ளைக்குப் பரம்பரையாக வருவதில்லை. தொழுநோயாளிகளைப் பிடித்து அடைத்துவைக்க அதிகாரம் கொடுத்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல் நீக்கப்பட்டது. தொழுநோயை விவாகரத்துக்கு ஒரு காரணமாகச் சொல்ல இடம்தந்த பிரிவுகளையும் 2019இல் நாடாளுமன்றம் அகற்றிவிட்டது.

கடைசியாகத் தடுப்பூசி. உங்கள் கேள்வியில் இருக்கும் ஆதங்கம் எனக்கும் உண்டு. இந்தக் கிருமியை நார்வே நாட்டின் பெர்கன் நகரில் ஹான்சன் என்னும் மருத்துவர் 1873இல் கண்டறிந்தார். காசநோய்க் கிருமியைக் கோக் கண்டறிவதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே இது நடந்துவிட்டது. ஆனாலும் இன்றுவரை ஆய்வகத் தட்டில் இதை வளர்க்க முடியவில்லை. 1960இல் எலியின் பாதத்தில் சிறிதளவு வளர்க்கலாம் என்று தெரிந்தது. 1971இல், உடல் வெப்பம் குறைவாக உள்ள அர்மடில்லோ என்னும் அமெரிக்க விலங்கில் ஏராளமாகப் பெருகுவது தெரிந்தது. உடலின் குளிர்ந்த பகுதிகளான தோல், மூக்கு, காது மடல் ஆகியவற்றைக் கிருமி விரும்புவதற்கும் அதுதான் காரணம். பல கிருமிகள் அரை மணி நேரத்தில் இரண்டாகப் பிரியும்போது, இது ஒரு முறை பிரிய ஏறத்தாழ இரண்டு வாரங்கள் எடுத்துக்கொள்கிறது. ஒரு மருந்தைச் சோதித்துப் பார்க்கவே பல மாதங்கள் ஆகும். 2001இல் அதன் மரபணுத் தொகுதி முழுவதும் படித்து வெளியிடப்பட்டபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுக்கள் செயலிழந்து கிடப்பது தெரியவந்தது. தனியாக வாழும் திறனை அது இழந்துவிட்டதை அதிலிருந்து புரிந்துகொண்டோம். அந்த ஆய்வுக்குப் பயன்பட்ட கிருமி தமிழ்நாட்டு நோயாளி ஒருவரிடமிருந்து கிடைத்தது. உலக ஆய்வு நூல்களில் இன்றும் அதன் பெயர் ‘டிஎன்’ வகை என்றே இருக்கிறது.

தடுப்பூசி ஆய்வும் நம் ஊரில்தான் பெரிய அளவில் நடந்தது. 1990களில் செங்கல்பட்டுப் பகுதியில் ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேர் அளவில் தாமாக முன்வந்து பங்கேற்ற ஆய்வில், குழந்தைகளுக்குப் போடும் பிசிஜி ஊசி மட்டும் 34 விழுக்காடு பாதுகாப்பையும், அதோடு கொல்லப்பட்ட தொழுநோய்க் கிருமியைச் சேர்த்துப் போட்டது 64 விழுக்காடு பாதுகாப்பையும் கொடுத்தன. ஆக, ஊசி முற்றிலும் இல்லை என்பதற்கில்லை. உங்கள் பிள்ளைகள் பிறந்தபோது போட்டுக்கொண்ட பிசிஜியே ஓரளவு காப்பைத் தந்திருக்கும். அதைவிட நல்ல ஊசியைச் சோதிக்க வேண்டுமென்றால், ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாக, அதுவும் ஐந்தாறு ஆண்டுகள் கழித்து வரும் ஒரு நோய்க்காக, லட்சக்கணக்கானவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர வேண்டும். அந்தப் பொறுமைக்குப் பணம் கொடுப்பவர்கள் குறைவு. 10,000 பேருக்கு ஒரு நோயாளிக்கும் குறைவு என்ற நிலையை 2005 டிசம்பரில் இந்தியா எட்டியதாக அறிவித்தபோது, நோயே ஒழிந்துவிட்டது என்று பலர் எண்ணிக்கொண்டார்கள். இன்றும் நம் நாட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு மேல் புதிதாகக் கண்டறியப்படுகிறார்கள். உலகின் புதிய நோயாளிகளில் பாதிக்கு மேல் இங்கேதான் இருக்கிறார்கள். இந்த ஆய்வுகளுக்கான ஆதரவு குறைந்தது பெரும் தவறு என்பது என் உறுதியான கருத்து.

எல்லா நோயாளிகளையும் தொடக்கத்திலேயே காட்டிக்கொடுக்கும் நம்பகமான இரத்தப் பரிசோதனையும் இன்னும் வரவில்லை. தனியார் ஆய்வகங்களில் அதற்காகப் பணம் செலவழிக்காதீர்கள். தேமலில் பஞ்சுத் திரியால் தொட்டு உணர்ச்சி பார்ப்பதும், நரம்பைத் தடவித் தடிப்புப் பார்ப்பதும், தேவைப்பட்டால் காது மடலில் தோலை லேசாகக் கீறிக் கிருமி பார்ப்பதும்தான் இன்றும் நோயைக் கண்டுபிடிக்கும் வழிகள்.

மகனின் சிகிச்சை அட்டையையும் எதிர்வினைக்குக் கொடுக்கும் மருந்துச் சீட்டையும் பத்திரமாக வையுங்கள். பன்னிரண்டு அட்டைகளும் முடிந்து ஓரிரு ஆண்டுகள் ஆனபிறகுகூட எதிர்வினை திரும்ப வரலாம். அப்போது அவர் திருப்பூரிலோ வேறு ஊரிலோ இருந்தாலும், விரல் மடங்கினாலோ, காலில் செருப்பு தெரியாமல் கழன்றாலோ, கண்ணை முழுவதும் மூட முடியாமல் போனாலோ, அந்தக் காகிதங்களோடு பக்கத்திலுள்ள அரசு மருத்துவமனைக்கு அன்றே போகச் சொல்லுங்கள்.